எச்-4 விசாவில் இருப்பவர் கம்யூனிட்டி காலேஜில் விற்பனையும் மார்க்கெட்டிங்கும் படிக்கலாமா?

கேள்வி: "பி.காம் முடித்து, கோயம்புத்தூரில் ஒரு துணிக்கடையில் நான்கு ஆண்டு கணக்குப் பார்த்தேன். திருமணமாகிக் கலிபோர்னியா வந்து பத்து மாதம் ஆகிறது. எச்-4 விசா, வேலை அனுமதி இன்னும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கம்யூனிட்டி காலேஜில் 'சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்' படிப்பு இருக்கிறது. சேரலாமா? அதைப் படித்து வேலை கிடைக்குமா? பணமும் நேரமும் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது."

சேருங்கள். ஆனால் இன்னும் இரண்டு மாதம் பொறுத்துச் சேருங்கள். சேர்ந்ததும் எல்லோரும் எடுக்கும் மார்க்கெட்டிங் வகுப்புக்கு ஓடாமல், யாரும் சீந்தாத விற்பனை வகுப்பை முதலில் எடுங்கள். நானும் 2013இல் எச்-4இல், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசாவில், கலிபோர்னியாவின் சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு வந்து, மாலை வகுப்புகளில் இதையே படித்து, இன்று அட்டைப்பெட்டியும் பொதிகட்டும் பொருள்களும் விற்கும் ஒரு நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். இடையில் ஓர் ஆண்டை வீணாக்கினேன். அந்தக் கதையும் கீழே வருகிறது.

இரண்டு மாதக் காத்திருப்பு கட்டணத்துக்காக. கலிபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் உள்ளன. மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது வகுப்பின் அளவைக் குறிக்கும் ஒரு புள்ளிக்கு, 46 டாலர். வெளியாள் என்று கணக்கில் வந்துவிட்டால் அதே வகுப்புக்குப் பெரும்பாலான இடங்களில் யூனிட்டுக்கு முந்நூறு டாலரைத் தாண்டும். மூன்று யூனிட் வகுப்பு ஒன்றுக்கு 138 டாலரா, ஆயிரமா என்பது சின்ன வித்தியாசம் இல்லை. மாநிலவாசி ஆவதற்கு, வகுப்புப் பருவம் தொடங்குவதற்கு முன்பே ஓர் ஆண்டும் ஒரு நாளும் இங்கே வசித்திருக்க வேண்டும். இங்கேயே இருக்கும் எண்ணம் உண்டு என்பதற்கு ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம், மாநில வருமான வரித் தாக்கல் போன்ற காகிதங்கள் காட்ட வேண்டும். மாணவர் விசாவில் வந்தவருக்கு இந்த வழி கிடையாது. எச்-4க்கு உண்டு. இது பலருக்குத் தெரியாமல் வெளியாள் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எச்-4இல் இருப்பவர் படிக்கத் தனி விசாவும் வேண்டாம். முழுநேரமாகவும் படிக்கலாம், ஒரே ஒரு வகுப்பும் எடுக்கலாம். ஆனால் அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கு எச்-4இல் இருப்பவர் தகுதி பெறமாட்டார். அந்த விண்ணப்பத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அந்த இரண்டு மாதமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பல காலேஜ்களில் யூனிட் கணக்கில் வராத வகுப்புகள் உண்டு. அவற்றுக்குக் கட்டணமே இல்லை. அலுவலக ஆங்கிலம், கணினி, சிறுதொழில் தொடங்குவது என்று இருக்கும். பேச்சு ஆங்கிலத்துக்கு அங்கே போய் உட்காருங்கள். நம்மவர்களுக்கு உச்சரிப்பில் குறையொன்றும் இல்லை, வேகம்தான் குறை. தொலைபேசியில் ரயில் விடுவதுபோல் பேசுகிறோம். அதைப் பாதியாகக் குறைத்தாலே போதும்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் என்ன என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றால் பள்ளிப் படிப்பை நிறுத்தியவர்களுக்கான தொழில்பயிற்சி என்ற எண்ணம் இருக்கிறது. இங்கே கதை வேறு. 1901இல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஆறு மாணவர்களுடன் தொடங்கிய ஜூனியர் காலேஜைத்தான் இந்த வகையின் முதல் அரசுக் கல்லூரியாகச் சொல்வார்கள். கலிபோர்னியாவில் 1910இல் ஃபிரெஸ்னோவில் முதலாவது வந்தது. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை உள்ளூரிலேயே கொடுப்பது ஒரு வேலை. ஊரில் உள்ள தொழில்களுக்கு ஆள் தயார்செய்வது இன்னொரு வேலை. ஒரே கட்டடத்தில் இரண்டு கடை. எந்தக் கடைக்குள் நுழைகிறோம் என்று தெரியாமல் நுழைந்ததுதான் நான் செய்த தவறு.

அப்போது எனக்கு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டம் வாங்கும் ஆசை. மார்க்கெட்டிங்தானே படிக்கப் போகிறோம் என்று மார்க்கெட்டிங் அடிப்படைகள், விளம்பரம், சில்லறை வணிகம் என்று மூன்று வகுப்புகளை வரிசையாக எடுத்தேன். மூன்றிலும் ஏ. இரண்டு பருவம் முடிந்து ஆலோசகரைப் பார்த்தபோது அவர் ஒரு பட்டியலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மாறிப்போகும் மாணவர் முதல் இரண்டு ஆண்டில் முடிக்க வேண்டியவை: நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், நுண்பொருளியல், பேரியல் பொருளியல், புள்ளியியல், வணிகச் சட்டம், கொஞ்சம் கால்குலஸ். மார்க்கெட்டிங் என்ற சொல்லே அதில் இல்லை. பல்கலைக்கழகத்தில் மார்க்கெட்டிங் மூன்றாம் ஆண்டில்தான் தொடங்குகிறது. அதை அவர்களிடம்தான் படிக்க வேண்டும். நான் படித்த மூன்றும் விருப்பப் பாடமாகத்தான் கணக்கில் ஏறின. முதல் வாரத்திலேயே ஆலோசகரிடம் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கலிபோர்னியாவில் எந்தக் காலேஜின் எந்த வகுப்பு எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்று காட்ட 'அசிஸ்ட்' என்றொரு பொது இணையதளம் இருக்கிறது. பத்து நிமிட வேலை. எனக்கு அது தெரியவந்தபோது ஓர் ஆண்டு போயிருந்தது.

உங்கள் நிலைமை என்னுடையதைவிட மேல். உங்களிடம் பி.காம் இருக்கிறது. அதனால் இரண்டு ஆண்டு, 60 யூனிட் அசோசியேட் பட்டம் உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அதில் பாதி வரலாறும் அறிவியலும் உடற்பயிற்சியுமாகப் போகும். ஏற்கெனவே பட்டம் உள்ளவர் அதற்குக் கீழான பட்டம் ஒன்றை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்வானேன்? பி.காம் சான்றிதழை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து அமெரிக்கக் கணக்கில் எதற்கு ஈடு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாண்டுப் பட்டம் என்பதால் முழு இளநிலைக்கு ஈடு என்று சிலர் எழுதுவார்கள், சிலர் குறைத்து எழுதுவார்கள். வேலை தருபவர் அதை அவ்வளவு நோண்டிப் பார்ப்பதில்லை. மேற்படிப்புக்குப் போனால் மட்டும் அந்தந்தப் பல்கலைக்கழகம் யாருடைய மதிப்பீட்டை ஏற்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு வேண்டியது பட்டம் அல்லாத சான்றிதழ்ப் படிப்புதான். பதினெட்டு யூனிட் என்று வைத்துக்கொண்டால் 828 டாலர், அதற்கு மேல் சில்லறைக் கட்டணங்கள். மாலை வகுப்பாக எடுத்தால் ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு. டி ஆன்சா போன்ற சில காலேஜ்களில் பருவம் மூன்று மாதக் கணக்கு. யூனிட் விலை 31 டாலர், ஆனால் யூனிட் எண்ணிக்கை ஒன்றரை மடங்கு. கடைசியில் ஒரே செலவுதான்.

இனி விற்பனை வகுப்புக்கு வருகிறேன். பட்டியலில் 'புரொஃபெஷனல் செல்லிங்' அல்லது அதைப் போன்ற பெயரில் இருக்கும். பல பருவங்களில் ஆள் சேராமல் ரத்தாகும். நம்மவர்கள் அந்தப் பெயரைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். மார்க்கெட்டிங் என்றால் படித்தவர் வேலை, விற்பனை என்றால் வீடு வீடாகப் பையைத் தூக்குவது என்று மனத்தில் பதிந்திருக்கிறது. ஆனால் புதிதாக வருபவரை வேலைக்கு எடுப்பது எது என்று பாருங்கள். ஒரு நடுத்தர நிறுவனத்தில் மார்க்கெட்டிங்கில் மூன்று பேர் இருந்தால் விற்பனையில் பதினைந்து பேர் இருப்பார்கள். மார்க்கெட்டிங் வேலைக்கு முன்பு செய்த வேலைகளின் மாதிரி கேட்பார்கள். விற்பனையின் கீழ்ப்படியில் நீங்கள் பேசுவதைக் கேட்டே எடுப்பார்கள்.

எங்கள் வகுப்பு மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதேகால் வரை போகும். ஆசிரியர் பகலில் மருத்துவமனைகளுக்குக் கையுறையும் முகமூடியும் விற்றவர். மாலையில் எங்களுக்குப் பாடம். இரண்டாவது வாரமே ஒவ்வொருவரும் ஒரு பொருளை அவரிடம் விற்றுக் காட்ட வேண்டும். நான் எடுத்தது அட்டைப்பெட்டி. அவர் போட்ட வேடம், ஊறுகாய்த் தொழிற்சாலையின் கொள்முதல் அதிகாரி. நான் நன்றாகத் தயார்செய்துகொண்டு போயிருந்தேன். பெட்டியின் தடிமன், ஈரம் தாங்கும் தன்மை, மறுசுழற்சி, விலை, எல்லாவற்றையும் நான்கு நிமிடத்தில் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "நீ என்னிடம் எத்தனை கேள்வி கேட்டாய்?" என்றார். யோசித்தேன். ஒன்றுகூட இல்லை. "என் ஊறுகாய் கண்ணாடி ஜாடியில் போகிறதா, பிளாஸ்டிக்கிலா என்றாவது உனக்குத் தெரியுமா?"

அடுத்த வாரம் அதே பெட்டி, அதே அதிகாரி. இந்த முறை மேசை மேல் ஒரு நிறுத்துக்கடிகாரம். நான் பேசும் நேரத்தை ஒரு மாணவர் அளந்தார். மாதத்துக்கு எத்தனை பெட்டி போகிறது, எத்தனை ஜாடி உடைந்து திரும்பி வருகிறது, உடைந்ததற்கு யார் பணம் தருகிறார்கள், திரும்பி வந்ததைப் பிரித்துப் பார்க்க ஆளுக்கு என்ன கூலி என்று கேட்டுக்கொண்டே போனேன். விலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அவரே கேட்டார். இதை ஏதோ அந்த ஆசிரியரின் தனி வித்தை என்று நினைத்திருந்தேன். நீல் ராக்கம் என்ற ஆய்வாளர் தம் குழுவோடு முப்பத்தைந்தாயிரம் விற்பனைச் சந்திப்புகளைக் கவனித்து, 1980களில் இதையேதான் சொல்லியிருக்கிறார் என்று பிறகு பாடத்தில் வந்தது. பெரிய விற்பனையில் ஜெயித்தவர்கள் வாங்குபவரின் சிக்கலையும் அதன் விளைவையும் பற்றிக் கேள்வி கேட்டவர்கள். 'இன்றே கையெழுத்துப் போடுங்கள்' என்று நெருக்கும் தந்திரங்கள் அங்கே எடுபடவில்லை.

துணிக்கடையில் இருந்த உங்களுக்கு இது புதிதே இல்லை. நல்ல விற்பனையாளர் அலமாரிப் பக்கம் திரும்புவதற்கு முன் என்ன கேட்பார்? "யாருக்குங்க? கல்யாணப் பொண்ணுக்கா, பொண்ணோட அத்தைக்கா? முகூர்த்தத்துக்கா, வரவேற்புக்கா?" அந்தக் கேள்விகளிலேயே முந்நூறு புடவை முப்பதாகிவிடும். விலையை நேராகக் கேட்காமல், இரண்டு புடவையைப் பிரித்துப் போட்டு, எதன் மேல் கை போகிறது என்று பார்த்தே அவர் தெரிந்துகொள்வார். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு ஆண்டு இதைப் பார்த்திருப்பீர்கள். வகுப்பில் இதைச் சொல்லுங்கள். அடுத்த நாற்காலியில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது கிடைக்காத பாடம்.

கணக்கும் உங்களுக்குக் கைகொடுக்கும். சில்லறை வணிக வகுப்பில் பாதிப் பேர் தடுக்கி விழுவது, கொள்முதல் விலை மேல் வைக்கும் லாபத்துக்கும் விற்பனை விலையில் நிற்கும் லாபத்துக்கும் உள்ள வேறுபாட்டில். பத்து டாலருக்கு வாங்கி இருபதுக்கு விற்றால் முதலாவது நூறு விழுக்காடு, இரண்டாவது ஐம்பது. அதே பொருளுக்கு இருபது விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் விலை பதினாறு. கையில் நிற்பது ஆறு. முன்பு நூறு பொருள் விற்று எடுத்த ஆயிரம் டாலரை எடுக்க இப்போது 167 விற்க வேண்டும். எங்கள் வகுப்பில் இதைப் பலகையில் போட்டபோது ஒரு சலசலப்பே எழுந்தது. ஆடித் தள்ளுபடிக் கணக்கை முடித்துக் கொடுத்தவருக்கு இதில் என்ன வியப்பு? பழைய சரக்கு தீர்ந்து, முடங்கிய பணம் தீபாவளிக் கொள்முதலுக்குக் கைக்கு வருகிறது என்பதால்தான் அந்தத் தள்ளுபடி தாங்குகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். தேர்வில் அந்தக் காரணத்தையும் எழுதுங்கள்.

மார்க்கெட்டிங் அடிப்படை வகுப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பொருள், விலை, இடம், விளம்பரம் என்று 1960இல் ஜெரோம் மெக்கார்த்தி வகுத்த நான்கு 'பி'யில் (ஆங்கிலத்தில் நான்கும் அந்த எழுத்தில் தொடங்கும்) தொடங்கி, வாடிக்கையாளரைப் பிரித்தறிவது, பிராண்டு, இணைய விளம்பரம் என்று போகும். இணையவழியில் எடுத்தாலும் நஷ்டமில்லை. பாடநூலுக்கு இருநூறு டாலர் கொடுக்காதீர்கள்; வகுப்புப் பட்டியலில் பாடநூல் செலவு இல்லை என்ற குறி போட்ட பிரிவைத் தேடி எடுங்கள். ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற அமைப்பு வெளியிட்ட மார்க்கெட்டிங் பாடநூல் முழுவதும் இலவசமாகவே கிடைக்கிறது. விற்பனை வகுப்பை மட்டும் இணையவழியில் எடுக்காதீர்கள். எதிரே ஆள் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அதில் ஒன்றுமில்லை.

குழுப் பணி என்று ஒன்று வரும். எல்லோரும் திட்டுவார்கள், எனக்கு அதில்தான் கண் திறந்தது. எங்கள் குழுவில் ஒரு கல்லூரிப் பையன், ராணுவத்திலிருந்து வந்த ஒருவர், வேலை இழந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர், நான். உள்ளூர்ப் பூக்கடை ஒன்றுக்கு மார்க்கெட்டிங் திட்டம் போட வேண்டும். இன்ஸ்டாகிராம், காதலர் தினப் போட்டி, திருமண அலங்காரப் படங்கள் என்று பையன் பத்துப் பக்கம் எழுதிவிட்டான். ஐம்பது வயதுக்காரர் மட்டும் கடைக்காரம்மாவிடம் ஆர்டர் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். மூன்று மாத ஆர்டர்களை வகை பிரித்தோம். பணத்தில் பாதிக்கு மேல் இறுதிச் சடங்கு மலர்வளையங்களிலிருந்து வந்திருந்தது. திருமணம் மொத்தமே நான்கு. எழுதிய பத்துப் பக்கமும் குப்பைக்குப் போனது. பக்கத்து ஊர்களில் உள்ள இறுதிச் சடங்கு இல்லங்களின் பட்டியல், யார் எப்போது அங்கே நேரில் போய்ப் பேசுவது, துக்கத்தில் இருப்பவரிடம் தொலைபேசியில் என்ன சொல்ல வேண்டும் என்பதே இரண்டரைப் பக்கத் திட்டமாயிற்று. அந்த அம்மா அதை மடித்து ஏப்ரனில் வைத்துக்கொண்டார்.

வேலை அனுமதி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். எச்-4இல் இருப்பவர் வேலை செய்ய 2015 மே 26 முதல் வழி வந்தது. அதுவும் எல்லோருக்கும் அல்ல. கணவருடைய ஐ-140 மனு (நிரந்தரக் குடியிருப்புக்காக அவருக்கு நிறுவனம் போடுவது) ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஆறு ஆண்டைத் தாண்டி அவருடைய எச்-1பி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். வேலை அனுமதி அட்டை கைக்கு வரும்வரை சம்பளத்துடன் கூடிய இன்டர்ன்ஷிப், கமிஷன், கடையில் இரண்டு மணி நேரம், எதுவும் கூடாது. வேலை அனுபவத்துக்கு யூனிட் தரும் வகுப்பு ஒன்று பட்டியலில் இருக்கும். ஆலோசகர் நல்லெண்ணத்தில் அதைப் பரிந்துரைக்கக்கூடும். அவருக்குக் குடிவரவுச் சட்டம் தெரியாது. சம்பளமில்லை என்றாலும், அதைத் தொடுமுன் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். வகுப்புக்குள் செய்யும் பூக்கடைத் திட்டம் போன்றவை படிப்பின் பகுதி. அவற்றைத் தாராளமாகச் செய்து கோப்பில் சேர்த்து வையுங்கள். அட்டை வரும் நாளில் காட்ட அதுதான் இருக்கும்.

இதோடு சேர்த்து ஒன்று. மளிகைக்கடை வரிசையிலோ பூங்காவிலோ, "நீங்க தமிழா? எந்த ஊரு?" என்று நல்ல புன்னகையோடு ஒரு தம்பதி பேச்சுக் கொடுப்பார்கள். மூன்றாவது சந்திப்பில் 'ஒரு பிசினஸ் வாய்ப்பு' வெளிவரும். நீங்கள் சேர்ந்து, உங்களுக்குக் கீழே ஆள் சேர்த்து, சோப்பும் சத்துமாவும் வாங்க வேண்டும். நீங்கள் விற்பனை படிப்பதாகச் சொன்னால் இன்னும் உற்சாகமாகிவிடுவார்கள். கமிஷன் என்பதும் வருமானம்தான், வேலைதான், விசாவுக்கு ஆபத்து. விசா இடம் கொடுத்தாலும் நான் போகமாட்டேன். உறவினர் பட்டியலைக் கேட்கும் வியாபாரத்தில் விற்பனைத் திறமைக்கு வேலையே இல்லை.

வேலை கிடைக்குமா என்றீர்கள். அனுமதி வந்த பிறகு, கிடைக்கும். முதல் வேலை பெரும்பாலும் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் புது வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்து மூத்த விற்பனையாளரிடம் ஒப்படைப்பதாக இருக்கும். ஒரு நாளைக்கு ஐம்பது அழைப்பு, நாற்பத்தைந்து பேர் எடுக்கமாட்டார்கள், எடுப்பவர்களில் இருவர் எரிந்துவிழுவார்கள். முதல் மாதம் நான் காரில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். சம்பளம் இரண்டு துண்டாக வரும்: நிலையான அடிப்படை ஒன்று, இலக்கை எட்டினால் கமிஷன். நேர்காணலில் அவர்கள் சொல்வது இரண்டையும் கூட்டிய தொகை. அடிப்படை எவ்வளவு, சென்ற ஆண்டு குழுவில் எத்தனை பேர் இலக்கை எட்டினார்கள் என்று கேட்டுவிடுங்கள். இரண்டாவதற்கு நேராகப் பதில் சொல்லாத இடத்தில் நான் சேரமாட்டேன். அதற்கு முன் சேல்ஸ்ஃபோர்ஸ், ஹப்ஸ்பாட் இரண்டின் இலவசப் பயிற்சிகளையும் வீட்டில் இருந்தபடியே முடித்துவிடுங்கள். வாடிக்கையாளர் விவரங்களைப் பதியும் இந்த மென்பொருள்கள் கைக்குப் பழகியிருந்தால் முதல் வாரம் தடுமாற மாட்டீர்கள்.

இந்த வாரமே காலேஜ் இணையதளத்தில் விண்ணப்பம் போட்டு மாணவர் எண் வாங்கிவிடுங்கள். அதற்குக் காசு இல்லை. ஆலோசகரிடம் நேரம் வாங்கும்போது பி.காம் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துப் போங்கள், கணக்கியல் முன்தகுதி கேட்கும் வகுப்புகளுக்கு விலக்குத் தரக்கூடும். முதல் பருவத்துக்கு விற்பனை வகுப்பும் வணிகத் தொடர்பியல் வகுப்பும், இரண்டே போதும். விற்பனை வகுப்பில் ஆள் குறைவாக இருந்தால் தெரிந்தவர் இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள்; பத்துப் பதினைந்து பேருக்குக் கீழே போனால் தொடங்குவதற்கு முந்தைய வாரம் ரத்துசெய்துவிடுவார்கள். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது. அடுத்த பருவத்தில் என் பக்கத்துவீட்டு அம்மாவை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தேன். அவர் இப்போது வீடு விற்றுக்கொண்டிருக்கிறார்.